வலியக்கா

பேருந்திலிருந்து இறங்கும்போதே வலியக்காவுக்கு நொண்டல் வந்துவிடும். பயிற்சி மையத்துக்கு இன்னும் ஒரு தெரு நடக்க வேண்டும். ஆனால் வாசலில் நின்று அரட்டை அடிக்கும் பிசியோதெரபிஸ்டுகளில் யாராவது தன் நடையைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. "உள்ள வந்து நொண்டினா அது நடிப்பு. ரோட்டுலயே நொண்டணும். அப்பதான் காலு நம்பும்" என்பார். மனிதர்கள் சீக்கிரம் நம்பிவிடுவார்களாம். காலை நம்பவைப்பதுதான் பெரும்பாடாம். ஒருமுறை பேருந்தில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்துவிட்டாள். "வேஷம்னு சொல்ல முடியுமா? உக்காந்துட்டேன். எறங்குற வரைக்கும் முதுகெல்லாம் கூசுச்சு."

நோயாளியாக இருப்பதுதான் அவர் வேலை. அந்த மையத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் படித்து முடித்து, மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்டுகள். இடுப்புவலி என்று வருகிறவருக்கு இடுப்பில்தான் கோளாறா, இல்லை சிறுநீரகத்தின் வலி இடுப்பில் வந்து தெரிகிறதா என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்காக வருகிறார்கள். வகுப்பு நடத்தும் டீச்சரம்மா, குழப்பமான கேஸ் ஒன்றை முந்தின நாளே போனில் சொல்லிவிடுவார். மறுநாள் வலியக்கா அந்தக் கேஸாகவே வந்து சேர்வார்.

முதலில் அவரும் அசல் நோயாளியாகத்தான் அங்கே போனார். கழுத்துவலி. எப்படி வலிக்கிறது என்று டீச்சரம்மா கேட்டதற்கு, "நனைஞ்ச போர்வைய ரெண்டு பேரு புடிச்சு முறுக்குற மாதிரி இருக்குங்க. அதுல ஒருத்தருக்குக் கோவம் ஜாஸ்தி" என்றார். டீச்சரம்மா சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. கழுத்தைச் சரிசெய்து அனுப்பியவர், மறுவாரமே கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

அக்காவின் சாமர்த்தியம் முனகுவதில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது. "மாமியாரைப் பத்தி வலிய வந்து சொல்லுவோம். சம்பந்தி வீட்டுல செஞ்ச அநியாயத்தைச் சொல்லுவோம். எடை கொறஞ்சுபோச்சே, ராத்திரியில வேர்க்குதேன்னு சொல்லத் தோணுமா? கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்." மிகுந்த தன்னம்பிக்கையுள்ள ஒருவர், அக்காவின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு மூன்று பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். அக்கா மூன்றையும் பவ்யமாகச் செய்து காட்டினார், நன்றி சொன்னார், போய்விட்டார். பிறகுதான் டீச்சரம்மா பலகையில் விடையை எழுதினார்: பழைய புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. அந்த மனிதர் வாசல்வரை ஓடிவந்து, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். "முன்னாடி பெரிய ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணீங்களான்னு கேட்டிருந்தா, தேதியோட சொல்லியிருப்பேனே தம்பி!"

வீட்டில் இந்தக் கலைக்கு மரியாதை இல்லை. தலைவலி என்று படுத்தால், "நெசமாவா, இல்ல இந்த வாரத்துக் கேஸா?" என்று கேட்பார் கணவர். அவர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் பெயிண்டர். மனைவிக்கு நேர்மாறு. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதிலில் குடும்பம் நடத்தியவர். சென்ற வருடம் சில நாட்களாக அவர் இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் கையைத் தூக்கி உத்தரத்துக்கு வண்ணம் அடிக்கிறவருக்குத் தோள் வலிப்பதில் என்ன அதிசயம்? அக்காவும் தேய்த்துவிட்டார். ஒரு மாலை தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கணவர் பெயிண்ட் ரோலர் பிடிப்பது வலது கையில்.

"கைய மேல தூக்குங்க."

தூக்கினார்.

"வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல."

"முதுகுக்குப் பின்னால கொண்டுபோங்க. இப்ப?"

"இல்லன்றேன்ல. உன் கிளாஸை இங்க நடத்தாத."

"அப்ப எப்பதாங்க வலிக்குது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். இதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. "பெயிண்ட் வாளியத் தூக்கிட்டு மாடி ஏறுறப்ப. நடுவுல நின்னா போயிடுது."

"வேர்க்குதா?"

"மாடி ஏறினா வேர்க்காம?"

"கூட ஏறுறவங்களுக்கும் அப்படித்தான் வேர்க்குதா?"

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ளப் பார்த்தார்.

அக்கா தைலக் கையோடு டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார். வழக்கமாக ஒரு கேள்விக்கு நாலு எதிர்க்கேள்வி போடுகிற டீச்சரம்மா, அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. அவரை நடக்க விடாதீங்க" என்று மட்டும் சொன்னார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று கிட்டத்தட்ட மூடியிருந்தது. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெயிண்டர் குறைபட்டுக்கொண்டார்: "நான் போனது தோள்வலிக்கு. அவங்க நெஞ்சுல கைய வெச்சுட்டாங்க." இப்போது வாளியைக் கீழேயே வைத்துவிட்டு, கூட வேலை செய்கிறவர்களை அதட்டுவதோடு சரி.

அன்றைய பயணத்தைப் பற்றி அக்கா ஒரே ஒருமுறைதான், மையத்துக்குப் படிக்க வந்த என்னிடம் பேசினார். "வண்டியில அவரு கையப் புடிச்சுக்கிட்டே போனேன். என் மூஞ்சிய எப்படி வெச்சுக்கறதுன்னே தெரியல. விதவிதமா வலியக் காட்டின மூஞ்சி. நெசமா பயம் வந்தப்ப அதுக்கு ஒண்ணுமே வரல." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து, அதே கேஸை வகுப்பில் வைக்கலாமா என்று டீச்சரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்றும் சொன்னார். "வெக்கணும்" என்றார் அக்கா.

அந்த வகுப்பில் கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சோதித்த பெண் பொறுமைசாலி, கை மிருதுவானது. தோளை மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று எல்லாத் திசையிலும் அசைத்துப் பார்த்தாள். எதிலும் வலி இல்லை என்றார் அக்கா. எப்படித் தூங்குகிறீர்கள், எந்தத் தலையணை, வீட்டில் கனமாக எதையாவது இழுத்தீர்களா என்றெல்லாம் அன்பாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. மாடிப்படியைப் பற்றி அவள் கேட்கவில்லை. தசை இறுகியிருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இரண்டு பயிற்சி சொல்கிறேன் என்றாள்.

"அடுத்த வாரம் வாங்கக்கா, பாக்கலாம்."

கட்டிலிலிருந்து இறங்க உதவியாகக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்தார். கேட்காததை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போகிறவர், அன்று இறங்கவில்லை.

பலகையில் விடையை எழுதப்போன டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார். "அவ்வளவுதான் அக்கா, எறங்கலாம்" என்றார். வகுப்பில் ஒருவர் சிரித்தார், பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் மெல்ல இழுத்துப் பார்த்தாள். கை வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நகர்த்தி வைத்திருந்த முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, திரும்பவும் உட்கார்ந்தாள்.

வலியக்கா இன்னொரு கையையும் கொண்டுவந்து, அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.