பிலிப்பினோ மொழியில் ஒரு வளைகாப்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஜொகூர் செனாயில் நடந்தது இது. அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இன்றும் அதே வேலை, அதே மேசை. வீடு மாசாயில். நடந்ததை என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் நான் பிலிப்பினோ மொழி படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. அதற்கு முந்தைய வருடம் எங்கள் தொழிற்சாலைக்குப் பிலிப்பைன்ஸ் பெண்கள் கும்பலாக வேலைக்கு வந்தார்கள். ஆங்கிலம் ஓரளவு பேசுவார்கள். ஆனால் இயந்திரம் நின்றுபோனாலோ கையைச் சுட்டுக்கொண்டாலோ பதற்றத்தில் அவர்கள் மொழிதான் வாயில் வரும், எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அதனால் நிர்வாகம் ஒருவரை அந்த நாட்டுக்கே அனுப்பி மொழி கற்க வைப்பது என்று முடிவு செய்தது. நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு, நாலாவது என்ன பெரிய விஷயம் என்ற திமிர்.

"போய்ட்டு வா லா. எட்டு வாரம்தானே, நான் கடையில சாப்பிட்டுக்குவேன்" என்றார் வீட்டுக்காரர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாரைக் கேட்க வேண்டும்?

போன இடத்தில் என் திமிர் மூன்றே நாளில் இறங்கியது. ஒரு சின்ன ஊர். காலையில் ஆசிரியையுடன் பாடம், மற்ற நேரமெல்லாம் ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்க வேண்டும். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் வேறு எந்த மொழியும் பேசக்கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. கடைக்கு அனுப்புவார்கள், மீன்காரி முன்னால் வாயடைத்து நிற்பேன். ஒருநாள் அப்படியே நின்று அழுதுவிட்டேன். நாற்பது வயதில், சந்தை நடுவில். ஊமையாக இருப்பது எப்படி என்று அந்த வாரங்களில் தெரிந்துகொண்டேன்.

என்னைக் கரையேற்றியது அந்த வீட்டு அம்மா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஒரு சாயங்காலம் கொல்லையிலிருந்து ஒரு கட்டு கீரையைக் கொண்டுவந்து போட்டார். பார்த்தால் நம் முருங்கைக் கீரை. அவர் சொல்லாமலே உட்கார்ந்து உருவ ஆரம்பித்தேன். அவர் ஆச்சரியப்பட்டு என்னென்னவோ கேட்க, நானும் தப்பும் தவறுமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். கீரை தீர்ந்தபோது ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். அதற்குப் பிறகு தினமும் எதையாவது ஆய்ந்துகொண்டே பேசினோம். அங்கே ஆமாம் என்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை, புருவத்தைக் கொஞ்சம் தூக்கினால் போதும் என்று அவரிடம்தான் கற்றேன். எட்டாவது வாரம் கனவுகூட அந்த மொழியில் வந்தது.

திரும்பி வந்ததும் நான் தொழிற்சாலையில் ஒரு ஆளாகிவிட்டேன். அந்தப் பெண்கள் என்னை 'ஆத்தே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நம் காதுக்கு யாரோ பயந்து அலறுவது போல இருக்கும், ஆனால் அக்கா என்று அர்த்தம். தலைவலி, வீட்டு நினைப்பு, புருஷன் சண்டை எல்லாம் என்னிடம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களில் ஒருத்தி, இருபத்தேழு வயது இருக்கும், ஊருக்கு விடுமுறையில் போய்விட்டு வந்த இரண்டாம் மாதம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ரசாயனம் வைத்துத் துடைக்கும் பகுதியில் அவளுக்கு வேலை. அங்கிருந்து மாற்ற முடியுமா என்று கேட்டாள். காரணம் கேட்டேன். குனிந்துகொண்டாள். முழுகாமல் இருக்கிறாயா என்று அவள் மொழியிலேயே கேட்டேன். புருவம் மட்டும் மேலே போனது.

வெளிநாட்டுத் தொழிலாளி கர்ப்பமானால் பெர்மிட்டை ரத்து செய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. முடித்துவிட்டுப் போனால், பிள்ளை பெற்ற பிறகு மறுபடி வரலாம். பாதியில் அனுப்பப்பட்டால் திரும்பி வரவே முடியாது. அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். எங்கள் சீருடை தொளதொளவென்று இருக்கும், ஏழாம் மாதம் வரை சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவளுடைய அறைத்தோழி ஒருத்திக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுவாரமே மறுபயிற்சி என்று எழுதி அவளை என் பிரிவுக்கு இழுத்துக்கொண்டேன். உட்கார்ந்து பார்க்கும் வேலை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாங்கள் அவள் மொழியில் பேசிக்கொள்வோம், சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாது. வாந்தி நின்றுவிட்டது, இடுப்பு வலிக்கிறது, இன்று வயிற்றுக்குள் அசைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். எனக்கும் ஏதோ வயிற்றில் அசைந்த மாதிரி இருக்கும்.

இங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் எத்தனையோ வளைகாப்புக்குப் போயிருக்கிறேன். ஒரு இடத்திலும் என்னை முன்னால் கூப்பிட்டு வளையல் போடச் சொன்னதில்லை. பிள்ளை பெறாதவள் கை எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், தட்டை மட்டும் என்னைத் தாண்டிக் கொண்டுபோவார்கள். இவளுக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் ஆசை வந்துவிட்டது. இங்கே என்னைத் தடுக்க யார் இருக்கிறார்கள்?

விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்தேன். ஜொகூர் பாருவில் வாங்கி வைத்திருந்த பச்சை, சிவப்புக் கண்ணாடி வளையல்களை எடுத்துக்கொண்டேன். மதிய இடைவேளையில் பயிற்சி அறைக் கதவைச் சாத்தி, ஒரு கைக்கு ஏழாக நானே போட்டுவிட்டேன். கன்னத்தில் சந்தனம் பூசினேன். எதற்கு என்று கேட்டாள். பிள்ளை உள்ளேயிருந்து சத்தம் கேட்கட்டும் என்று அவள் மொழியில் விளக்கினேன். கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

சந்தனத்தைத் துடைத்தேன். வளையலைக் கழற்றத்தான் இருந்தேன். கதவு திறந்தது.

விடுதிப் பொறுப்பாளர் அக்கா, மனிதவளப் பிரிவில் இருப்பவர், ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தார். தமிழர். என்னோடு பத்து வருடப் பழக்கம். அவருக்கு எங்கள் ரகசிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மேசையில் ஐந்து வகைச் சோறு, அந்தப் பெண்ணின் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்.

"என்னடி இது, வளைகாப்பா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார்.

சும்மா ஆசைக்குப் போட்டேன் அக்கா என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நாலு மொழியில் ஒன்றில்கூட ஒரு பொய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார்.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். இன்னும் இரண்டரை மாதம்தான், கண்டும் காணாமல் இருந்துவிடுங்கள் என்றேன்.

"நான் பாக்காம இருந்திருந்தா பரவால்ல. பாத்துட்டேன். விடுதிக்கு நான்தான் சைன் பண்ணுறேன், நாளைக்கு ஒண்ணுன்னா என் வேல போய்டும் லா. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

மறுநாள் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். அதற்கு மறுநாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கடிதம் தயாராக இருந்தது. அதில் உள்ளதை அவளுக்கு அவள் மொழியில் விளக்க வேண்டுமாம். நான் அதற்காகத்தானே படித்தேன். முடியாது என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. என்னை அனுப்பிப் படிக்க வைத்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

வாசித்தேன். ஒப்பந்தம் ரத்து, நான்கு நாளில் விமானம், இனி மீண்டும் வேலைக்கு விண்ணப்பிக்க இயலாது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. சந்தையில் ஒரு மீனின் பெயர் வராமல் அழுதவள் நான். அன்றைக்கு எல்லா வார்த்தைகளும் வரிசையாக வந்தன. ரொம்ப நன்றாகப் பேசுகிறீர்கள் என்று மேலாளர் பாராட்டினார். அந்த நாற்காலியிலேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அழக்கூட இல்லை. யார் சொன்னது என்று மட்டும் கேட்டாள்.

விடுதி அக்கா பார்த்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கொஞ்சம் சோறும் வளையலும் ஒரு தமிழருக்கு என்ன சொல்லிவிடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே அறைத்தோழியின் பெயரைச் சொன்னாள். போன வாரம் சண்டை போட்டோம், அவள்தான் சொல்லியிருப்பாள் என்றாள். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த அறைத்தோழியோடு விடுதியில் யாரும் பேசவில்லை. தான் யாரிடமும் சொல்லவில்லை என்று என்னிடம் வந்து அழுதாள். அவளுக்கும் ஆறுதல் சொன்னேன், அவள் மொழியிலேயே. ஒப்பந்தம் முடியும் வரை தனியாகச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனாள். இருவரும் ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்துத் தெரு. இன்றுவரை பேச்சு இல்லை என்று கேள்வி.

திருப்பி அனுப்பப்பட்டவளுக்குப் பெண் குழந்தை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் படம் அனுப்பி, ஆத்தே, நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டேன் என்று எழுதுகிறாள். கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று பிழையில்லாமல் பதில் போடுகிறேன். ஊரைவிட்டு எட்டு வாரம் அழுது கற்றுக்கொண்ட மொழியில், அவளிடம் நான் சொல்லியே ஆக வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். இரண்டு பெண்களின் உறவு அதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தும், என்னை அவள் அக்கா என்று கூப்பிடுவது நின்றுவிடுமே என்ற பயத்தில் இந்த வருடமும் நான் அதை எழுதவில்லை.