கோபமாக இருந்தால் மூன்றை அழுத்தவும்

எங்கள் சித்தி ஒருமுறை தும்மினாள்; மூன்று பல்கலைக்கழகங்களில் இருந்த அத்தனை கணினிகளும் தாமாகவே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிக்கொண்டன. இரண்டாவது தும்மலுக்குப் பிரிண்டர்கள் காகிதம் சிக்காமல் வேலை செய்தன. மூன்றாவது தும்மல் வருவதற்குள் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டதால்தான் உலகத்தில் இன்னும் சில அலுவலகங்கள் பழையபடி இருக்கின்றன.

நம்பாதவர்கள் மேலே படிக்கலாம். கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் தன்னார்வலர் குழுவின் ஆண்டு மலருக்குச் சித்தியைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். "என்னப் பத்தி நானே எழுதினா நல்லாவா இருக்கும்? நீ எழுதுடி வாலு. ஆனா அளந்து விடாத" என்றாள். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டோம். அதனால் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

சித்தி ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. ஒரு நாள் ஆய்வகத்தைத் திறந்தால் எல்லாத் திரையிலும் சிவப்புப் பட்டை. மென்பொருளின் உரிமம் முடிந்துவிட்டதாம். பிள்ளைகள் தாங்கள் எழுதி வைத்த கட்டுரைகளைப் பார்க்கலாம், ஓர் எழுத்துக்கூடச் சேர்க்க முடியாது. சித்தி தேடி அலைந்து கட்டற்ற அலுவலக மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, கிழட்டுக் கணினிகளில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். கடிதம், அட்டவணை, படக்காட்சி எல்லாம் அதில் செய்யலாம். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், உள்ளே எப்படி ஓடுகிறது என்று பிரித்தும் பார்க்கலாம். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் பென் டிரைவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நழுவப் பார்த்தான்.

"காப்பி எடுத்துட்டேன் மிஸ். தப்புதான்."

"எடுத்துட்டுப் போகத்தான்டா இது இருக்கு. பக்கத்து வீட்டுக்கும் குடு."

அவன் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனானாம். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்காகத்தான் சித்தி மற்ற பள்ளிகளுக்கும் வண்டியை விட ஆரம்பித்தாள் என்பது என் கட்சி.

போன இடத்தில் 'இலவசம்' என்ற சொல்லை எடுக்கவே மாட்டாள். இலவசம் என்றால் எல்லாரும் கூடைக்கு அடியில் அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவள் நேராகத் தலைமை ஆசிரியரிடம், "உங்க பள்ளிக்கூடத்துலயே அடங்காத ஃபைல் எது? அதக் குடுங்க" என்பாள். எல்லாப் பள்ளியிலும் அது வகுப்பு நேர அட்டவணைதான். கட்டத்துக்குள் கட்டமாக, யாரும் தொடப் பயப்படுகிற ஒன்று. அதைப் புது மென்பொருளில் திறந்து, எது உடைந்தது என்பதை முதலில் காட்டுவாள். பிறகு உட்கார்ந்து சரிசெய்வாள். போகும்போது, "திருத்தினது எல்லாம் பதிவாகற மாதிரி வெச்சிருக்கேன். அத அணைக்காதீங்க. எந்த இடத்துல மனசு மாறினோம்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும்" என்பாள். குறையை முதலில் சொல்லி விற்கிற ஒரே விற்பனைக்காரி என் சித்திதான். அதுவும் விலையில்லாத சரக்கு!

பள்ளிகள் மாறின. பல்கலைக்கழகம் மாறவில்லை. இங்கே படித்த பிள்ளைகள் அங்கே போனால், "இந்த வடிவத்துல ஃபைல் வாங்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளாவிட்டால் நாங்களும் பழையதற்கே போய்விடுவோம் என்று பள்ளிகள் முனக ஆரம்பித்தன. சித்தி இத்தனை வருடம் கட்டியதெல்லாம் அந்த ஒரு வாசலில் நின்றது.

போய்ப் பேசினாள்; எது எது உடையும் என்பதையும் வழக்கம்போல் முதலிலேயே சொன்னாள். ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு கேள்விதான் கேட்டார். "கோளாறு வந்தா யார் சட்டையப் புடிக்கிறது?"

"என் சட்டையப் புடிங்க" என்று சித்தி வெள்ளைப் பலகையில் தன் ஃபோன் நம்பரை எழுதிவிட்டு வந்தாள். ஒரு ஆய்வகத்தில் மட்டும் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

வகுப்புக்குப் போகும்போது சித்தி ஃபோனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் அது அடித்தது. வீட்டில் நான் மட்டும். கை சும்மா இருக்குமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு இயந்திரக் குரலில் ஆரம்பித்தேன்.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். ஆசிரியர் என்றால் ஒன்றை அழுத்தவும். மாணவர் என்றால் இரண்டை அழுத்தவும். கோபமாக இருந்தால் மூன்றை அழுத்தவும்."

யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். 'பீப்' என்றது. "அழுத்திட்டேன்" என்றது ஒரு கோபக் குரல். மூன்று.

"தங்கள் கோபம் பதிவாகிவிட்டது. காத்திருக்கவும்" என்று தட்டில் கரண்டியால் தாளம் போட்டேன். மரியாதையாகக் காத்திருந்தார்! பிறகுதான் தெரிந்தது, பல்கலைக்கழகப் பொறுப்பாளர். ஒரு மாணவி சாயந்திரத்துக்குள் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். முன்னுரைப் பக்கங்களுக்கு ஒரு விதமாகவும், முதல் அத்தியாயத்திலிருந்து ஒன்று, இரண்டு என்றும் பக்க எண் வர வேண்டும். வர மாட்டேன் என்கிறது.

ஃபோனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் சித்தி இதையே ஆயிரம் பேருக்கு, வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். "இன்செர்ட் மெனுவுல மேனுவல் பிரேக் போங்க சார். கீழ பேஜ் ஸ்டைல மாத்துங்க. பேஜ் நம்பருக்கு டிக் வெச்சு ஒண்ணுன்னு போடுங்க" என்றேன். இயந்திரக் குரல் பாதியிலேயே ஓடிவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

"வந்துருச்சு!" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் கத்தியது கேட்டது.

அதன்பின் அடிக்கடி கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் மூன்றைத்தான் அழுத்துவார். நானும் அவருக்கு மூணாம் நம்பர் என்றே பெயர் வைத்துவிட்டேன். சித்தியிடம் மூச்சுவிடவில்லை.

மாதம் முடிந்து பல்கலைக்கழகத்தில் கூட்டம். ப்ரொஜெக்டரைத் தூக்க ஆள் வேண்டும் என்று சித்தி என்னையும் கூட்டிப்போனாள். தலைவர் ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ரகம். மூணாம் நம்பர் எழுந்தார்.

"மென்பொருள விடுங்க மேடம். இவங்க உதவி மையம் பிரமாதம். கோபத்துக்குத் தனி நம்பரே வெச்சிருக்காங்க."

சித்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையை ஆராய்ந்தேன். தலையை ஆட்டினால் போதும், காரியம் முடிந்தது. ஆட்டு சித்தி, ஆட்டு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"மன்னிக்கணும் சார். எங்ககிட்ட உதவி மையம்னு ஒண்ணு கெடையாது. அது என் அக்கா பொண்ணு. எங்க வீட்டு அடுப்படியில இருந்து பேசியிருக்கா. எனக்கே இப்பதான் தெரியும்."



"அப்போ காத்திருக்கச் சொல்லி ஒரு மியூசிக் வருமே?" என்றார் மூணாம் நம்பர், பாவம்.

"தட்டும் கரண்டியும் சார்" என்றேன்.

முதலில் சிரித்தது தலைவர் அம்மாதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆய்வேடு எல்லாம் நேரத்துக்கு வந்துச்சா?" என்று அவரைக் கேட்டார்.

"வந்துச்சு மேடம். ஒண்ணுகூடத் தங்கல."

"உடையற இடத்தையும் இவங்களே சொல்லிட்டாங்க, ஆளையும் மறைக்கல. எல்லா ஆய்வகத்துலயும் போடுங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஃபைலையும் வாங்குங்க. ஃபோன் எடுக்க நம்ம மாணவர்களையே பழக்கித் தரணும், சரியாம்மா?"

"சரிங்க" என்றாள் சித்தி.

"மூணு மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றார் மூணாம் நம்பர்.

 திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சித்தி, "பேஜ் ஸ்டைல் வரைக்கும் சரியாச் சொன்னியாமே" என்றாள். தலையில் ஒரு குட்டு. வலிக்கவில்லை.

இதோடு கட்டுரையை முடித்து, பள்ளியில் இருந்த சித்திக்கு அனுப்பினேன். அழுகாச்சி வரிகள் எதுவும் இதில் இல்லை, இருந்ததை அழித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், வீட்டில் சார்ஜில் இருந்த அவள் ஃபோன் அடித்தது. கரகரத்த குரல், பெரியவர் மாதிரி. வழக்கமான பட்டியலைச் சொன்னேன்; 'ஒண்ணு' என்று சொல்லியபடியே ஒன்றை அழுத்தினார்.

"ஒரு பொண்ணு கட்டுரை அனுப்பியிருக்கும்மா. அழிச்ச வரியெல்லாம் பாக்க முடியுமா?"

"எடிட் மெனுவுல ட்ராக் சேஞ்சஸ் போங்கய்யா. ஷோன்னு ஒண்ணு இருக்கும், தட்டுங்க. பதிவ அணைக்காம எழுதியிருந்தா அழிச்சதெல்லாம் குறுக்குக் கோட்டோட தெரியும்."

"தெரியுது, தெரியுது." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது அந்தக் குரல்: "'தெருமுனையில் சித்தியின் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் பசிக்கவே ஆரம்பிக்கும்.'"

கரகரப்பு எங்கோ போய்விட்டிருந்தது.

"இத எதுக்குடி அழிச்ச?"

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றேன். அதற்கு மேல் இயந்திரக் குரல் வரவில்லை.