இல்லை என்று சொல்லி வாங்கிய உப்பு

அந்த மருந்துக்கடைப் பெண்ணை எனக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. ஒரு பெட்டி பேதி உப்பு வாங்கப் போனவளை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தாள். யாருக்கு என்றாள். கணவருக்கு என்றேன். வயதைக் கேட்டாள். சொன்னேன். வேறு மருந்து எடுக்கிறாரா, சிறுநீரகத்தில் ஏதும் குறை உண்டா என்று கேட்டபோதும் அவள் கை பெட்டியின் மேலேயே இருந்தது. "நைன்" என்றேன். இல்லை. இரண்டு கேள்விக்கும் அதே பதில். விலை கூடிய வேறு எதையோ என் தலையில் கட்டத்தான் கேட்கிறாள் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

சொன்னது சுத்தப் பொய். அவருக்கு இருபது வருடச் சர்க்கரை வியாதி. சிறுநீரகம் கொஞ்சம் களைத்துவிட்டது என்று வைத்தியர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. இரத்த அழுத்தத்துக்கு வேறு தினமும் விழுங்குகிற குளிசை.

ஏன் பொய் சொன்னேன் என்றால், எனக்கு அது பழக்கம். அகதியாக வந்து விசாரணை மேசைக்கு முன்னால் உட்கார்ந்த காலத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட புத்திமதி ஒன்றுதான்: கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதே, சொன்னது கோப்பில் ஏறும், ஏறியது உன்னை விடாது. குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடமான பிறகும், மேசைக்குப் பின்னால் நின்று யாராவது ஜேர்மன் மொழியில் கேள்வி கேட்டால் என் வாய் என்னைக் கேட்காமலே "நைன்" என்றுவிடும். மருந்துக்கடை மேசைக்கும் அந்த மேசைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உப்பு ஒன்றும் புதினமான சாமான் இல்லை. மக்னீசியம் சல்பேட். இங்கே கசப்பு உப்பு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளி விடுமுறை விட்டால் வீட்டில் எல்லோரும் ஒரு நாள் பேதி குடிப்போம், அன்று முழுக்கக் கஞ்சியோடு கிடப்போம், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு இவர் தொலைக்காட்சிக்கு முன்னாலேயே குந்திவிட்டதால் வயிறு மூன்று நாளுக்கொரு தடவைதான் போனது.

"இஞ்சேரும், வயிறு கல்லு மாதிரிக் கிடக்கு" என்றார்.

இளஞ்சூட்டு நீரில் ஒரு கரண்டி உப்பும் தேசிக்காய் பிழிந்த புளியும் கலந்து கொடுத்தேன். மத்தியானத்துக்கு முன்னால் வேலை முடிந்தது. வருடத்துக்கு ஒரு தடவை செய்தது நல்லதென்றால் தினமும் செய்வது இன்னும் நல்லது என்று எனக்கு நானே வைத்தியம் படித்துக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்த எச்சரிக்கைத் தாளைப் பிரிக்காமலே குப்பையில் போட்டேன். குளியல்தொட்டியில் வழுக்கும் என்று எழுதி ஒட்டுகிற ஆட்கள் இவர்கள், எதற்குத்தான் பயமுறுத்த மாட்டார்கள்? பெட்டி முடிந்ததும் வேறு கடைக்குப் போனேன். அந்தப் பெண் மறுபடி துருவுவாள் என்று தெரியும்.

பதினைந்து நாள் கழிந்து, மூன்றாவது கிழமை அவர் மந்தமானார். சாப்பாட்டு மேசையிலேயே கண் சொருகியது. படியேறினால் கால் நடுங்கியது. எனக்கு உடனே சந்தேகம் பிடித்துக்கொண்டது. பழைய வைத்தியர் போய் ஒரு இளம் பெண் வந்திருந்தாள், அழுத்தக் குளிசையை மாற்றியிருந்தாள். அவள்தான் என்று முடிவு கட்டினேன். பிறகு கடையில் வாங்கிய பாண் ரொட்டியைச் சந்தேகித்தேன். கீழ்வீட்டு மனிசி கொடுத்தனுப்பிய கேக்கை அவருக்குத் தெரியாமல் எறிந்தேன். ஒவ்வொரு சந்தேகத்தையும் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினேன். அந்தக் குளிசையின் நஞ்சைக் கழுவி வெளியேற்ற வேண்டும் என்று காலை உப்பை ஒன்றரைக் கரண்டியாக்கினேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"விடுமப்பா, வயசு போனால் இப்பிடித்தான்" என்றார் அவர். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடிப்பார். நான் கிளாஸைத் திருப்பி வாங்கும் வரைக்கும் பக்கத்திலேயே நிற்பேன்.

ஆறாவது கிழமை ஒரு காலையில் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. "ஏலாதப்பா" என்றார், நாக்குத் தடித்தவர் போல. கீழ்வீட்டு மனிசிதான் கைகொடுத்து அவரைக் காரில் ஏற்றினாள். முன்கூட்டி நேரம் குறிக்கிற டெர்மீன் எடுக்காமலே வைத்தியரிடம் கொண்டு போனேன். குளிசைகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு, சண்டைக்கென்றே போனேன்.

வைத்தியர் நாடியைப் பிடித்தாள். அழுத்தம் பார்த்தாள். அவள் முகம் மாறியது. நான் பையைத் திறக்க முன்னரே கேட்டாள்: இந்தக் குளிசைகளைத் தவிர வேறு ஏதாவது எடுக்கிறாரா? வீட்டு மருந்து, தூள், உப்பு, எதுவானாலும்?

"நைன்" என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொன்னேன்.

அவள் என்னை விட்டுவிட்டு அவரிடம் திரும்பி அதையே கேட்டாள். அவர் பாதி மூடிய கண்ணால் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு மெல்ல, "நைன்" என்றார்.

மறந்து சொன்ன பதில் இல்லை அது. அன்று காலையில் குடித்த கசப்பு அவர் வாயை விட்டுப் போயிருக்காது. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று, எழும்பி நிற்க ஏலாத மனிதன் எனக்காகப் பொய் சொன்னார். இந்தப் பொய்யோடேயே இவர் செத்துப்போவார் என்று பயந்தேன்.

"ஓம், குடிக்கிறவர்" என்று தமிழில்தான் முதலில் வந்தது. பிறகு ஜேர்மனில் சொன்னேன்: கசப்பு உப்பு, ஒவ்வொரு நாளும், ஆறு கிழமை, நான்தான் கொடுத்தேன்.

அவள் ஏசவில்லை. தொலைபேசியை எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இரத்தத்தில் மக்னீசியம் அளவுக்கு மிஞ்சிப் போயிருந்தது. நல்ல சிறுநீரகம் என்றால் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், இவருடையதால் முடியவில்லை, அதுதான் இதயத்தையும் தசைகளையும் அமர்த்தியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்தினார்கள். சுகதேகிகள் தாளில் எழுதிய அளவில், நிறையத் தண்ணீரோடு, எப்போதாவது ஒரு தடவை எடுக்கலாமாம். மற்ற மருந்துகளோடு சேர்த்து விழுங்கக்கூடாதாம். சிறுநீரகம் பழுதானவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது, கரைத்துக் குடிக்கிற மக்னீசியக் குளிசையையும்கூட. மருந்துக்கடைப் பெண் கேட்ட இரண்டு கேள்வியும் இதற்குத்தான். நான் உண்மை சொல்லியிருந்தால் அவள் பெட்டியைத் தந்திருக்க மாட்டாள்.

நாலு நாளில் வீட்டுக்கு வந்தார். காலில் திரும்பப் பலம் பிடித்தது. என்னோடு அவருக்குக் கோபம் இல்லை, உறவினர்களிடமும் இதைச் சொல்லவில்லை. காலையில் தேநீர் கொடுத்தால் மட்டும் நுனி நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்டும் போடேல்லைத்தானே?" என்று கேட்கிறார். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார். ஆனால் நான் பதில் சொல்லும் வரைக்கும் குடிப்பதில்லை.