வலது பக்கம் இழுத்த வண்டி

வீல் அலைன்மெண்ட் கடைக்காரரை எல்லோரும் ‘நேர்கோடு’ என்றுதான் சொல்வார்கள். அவர் நடையைப் பார்த்து வைத்த பெயரல்ல அது. நடக்கும்போது ஒரு தோள் முன்னால் போய்விடும், மற்றது யோசித்துக்கொண்டே பின்னால் வரும். ஆனால் கோணலாக வந்த வண்டி எதுவும் அவர் கடையிலிருந்து கோணலாகத் திரும்பியதில்லை. ‘முடியாது’ என்ற சொல்லை அவர் யாரிடமும் செலவழித்ததில்லை. சொந்தக்காரர்கள் நடுவே அவருக்கிருந்த மரியாதை முழுக்க இந்த ஒரு சங்கதியில்தான் நின்றது. கல்யாணம், நிலம், மருத்துவம் என்று வேறு எதற்கும் அவரை யாரும் கேட்பதில்லை.

அந்த மரியாதைக்குத்தான் மச்சினனின் புது டர்போ கார் உலை வைத்தது.

“மாமா, மறுபடியும் வலது பக்கம் இழுக்குது.”

“நான் ஓட்டினப்ப இழுக்கலையே மாப்ள.”

“உங்களைப் பாத்தா அதுக்கும் பயம் போல.”

மூன்று முறை மெஷினில் ஏற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தாயிற்று. கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த நேரான சாலையில் ஓட்டியும் பார்த்தாயிற்று. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் வண்டி சாதுப் பூனை மாதிரி அலுங்காமல் நேராகப் போனது.

“அப்ப எதிர்க்கடையில காட்டட்டுமா?” என்றான் மச்சினன், நகத்தைப் பார்த்துக்கொண்டே.

எதிர்க்கடைக்குப் போனால் சாயங்காலத்துக்குள் உறவு முழுக்கத் தெரிந்துவிடும்.

கடை முன்னறையில் போன் பேசிக்கொண்டிருந்த நேர்கோட்டின் மனைவி, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: “அவன் ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காருங்க.”

இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரன் கூட இருந்தால் பேசிக்கொண்டே வருவான், டயரின் சத்தம் காதில் விழாது என்பது அவர் கொள்கை. அதனால் எல்லா வண்டியையும் தானே ஓட்டிப் பார்ப்பார், கொதிக்கிற பாலை ஏந்திப் போகிறவர் மாதிரி. அந்தக் காலின் கீழ் எந்த வண்டியும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

சிக்னலில் பச்சை விழுந்தது. மச்சினன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். மிதித்தான் என்பது மரியாதையான வார்த்தை. ஸ்டீயரிங் அவன் கையில் வலப்பக்கம் துள்ளியது. வண்டி பக்கத்து லேனை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. நேர்கோட்டின் வலது கால், தன் பக்கம் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

“காலை எடு.”

எடுத்தான். வண்டி நேரானது.

“இப்ப மிதி.”

மிதித்தான். மறுபடி வலது.

கடைக்கு வந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தார். வலது சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கையின் ரப்பர் புஷ், புது வண்டி என்றும் பாராமல், அவன் மிதித்த மிதியில் கிழிந்திருந்தது. மாற்றினார். இழுப்பு பாதி குறைந்தது. மீதிப் பாதி போகவே இல்லை.

“முன் சக்கரந்தான் வண்டியை இழுக்கணும், அதுவேதான் திரும்பவும் செய்யணும்” என்றார். “சமைக்கிறவனையே பரிமாறவும் விட்ட மாதிரி. போதாததுக்கு எஞ்சின் ஒரு பக்கமா உக்காந்திருக்கு. ஒரு சக்கரத்துக்குப் போற தண்டு நீளம், இன்னொண்ணு குட்டை. நீ ஒரேயடியா மிதிச்சா ரெண்டுக்கும் பலம் ஒரே மாதிரி போய்ச் சேராது. மெதுவா மிதிச்சா பிரச்னையே இல்ல.”

“மெதுவா மிதிக்கவா மாமா இந்த வண்டியை வாங்கினேன்? முழுசா நேராக்க முடியுமா, முடியாதா?”

முன்னறையில் போன் பேச்சு நின்றது. நேர்கோடு கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான்.

“முடியாது மாப்ள.”

மச்சினன் சாவியை வாங்கிக்கொண்டு போனான். அன்று நேர்கோடு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாளே செய்தி பரவியது. ஆனால் பரவிய விதம் வேறு. “மாமாவாலயே அடக்க முடியல, அவ்வளவு பவர்” என்று மச்சினன் போகிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்க்கடைப் பக்கமே அவன் போகவில்லை. அங்கே யாராவது சரிசெய்து தொலைத்துவிட்டால் என்ன செய்வது?

“உங்க மானத்தைக் கப்பல்ல ஏத்தாம, அவன் எஞ்சின்ல ஏத்திட்டான்” என்றாள் மனைவி.

வார இறுதியில் பெரியப்பா தன் பழைய சின்ன காரை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இறங்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எவ்வளவு மிதிச்சாலும் இது நேராவே போகுதுப்பா. ஏதாவது பண்ண முடியுமா?”