உங்கள் மாமன் வண்டியின் பிரேக் லைட்

உங்கள் மாமன் ட்ரெய்லர் லாரி ஓட்டிய காலத்தில், நான் சிங்காநல்லூரில் லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னக் குழந்தைகள். உங்கள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவன், வண்டியில் ஒரு பல்பு போனால்கூட என்னிடம்தான் வருவான். அதில் எனக்கு ஒரு கர்வம். எங்கள் வரிசையிலேயே நாலு கடை தள்ளி இன்னொருவர் கடை போடும் வரை அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

அவர் கருமத்தம்பட்டிக்காரர், என்னைவிட இளையவர். காந்திபுரத்தில் வாங்கிய, கரண்ட் அளக்கும் மீட்டரைக் கழுத்தில் மாட்டியிருப்பார். அதன் முனையை ஒயரில் வைத்தால் எண் ஓடும். அதைப் பார்ப்பதற்கென்றே டிரைவர்கள் நிற்பார்கள். என்னிடம் இருந்தது டெஸ்ட் லைட். ஒரு பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான். என்னைக் கண்டால், "வாங்கண்ணா, டீ சாப்பிடலாமுங்க" என்று கூப்பிடுவார். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை. கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த உங்கள் மாமன், கோழிக்குழம்பைப் பிசைந்தபடியே அவர் புராணத்தை ஆரம்பித்தான்.

"மீட்டர வெச்சாருன்னா ஒரே நிமிசமுங்க மாமா. கோளாறு எங்கன்னு சொல்லிப்போடறாருங்க."

"அப்ப சோத்தையும் அங்கயே தின்னுட்டு வந்திருக்கலாமில்ல மாப்ள" என்றேன்.

"அங்க கோழி போட மாட்டாங்களே மாமா."

உங்கள் அம்மா சிரித்தாள். அடுத்த கரண்டிக் குழம்பையும் அவனுக்குத்தான் ஊற்றினாள்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அவன் ட்ரெய்லரில் பிரேக் லைட் மங்கிப்போனது. பெடலை மிதித்தால் அணையப்போகிற அகல்விளக்கு மாதிரி எரிந்தது. வண்டி லைட்டையும் போட்டுவிட்டு மிதித்தால் அதுவும் இல்லை. இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

"ஏனுங்க, உங்க மச்சினன் வண்டி அந்த மீட்டர்காரரு கடையில நிக்குதுங்களே. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். காலை முழுக்க நான் வேலை செய்தபடியே அந்த ட்ரெய்லரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் பிளக்கை அவர் மாற்றினார். புது ஒயர் இழுத்தார். அவர் சொல்லும்போதெல்லாம் உங்கள் மாமன் பெடலை மிதித்தான். ஒவ்வொரு தடவையும் எரிந்துவிடக் கூடாதே என்று மருதமலை முருகனை வேண்டிக்கொண்டேன். எரியவில்லை. மத்தியானம் அவர் வேறொரு லாரிக்குப் போய்விட்டார். உங்கள் மாமன் வண்டியை என் கடை வாசலுக்குக் கொண்டுவந்தான்.

"மீட்டரு என்ன சொல்லுச்சு மாப்ள?"

"அதைய உடுங்க மாமா. சாயங்காலம் மில்லுல நூல் ஏத்திக்கிட்டுத் தூத்துக்குடி போகோணும். நீங்க ஒருக்கா பாருங்க."

இதை நான் எரிய வைத்துவிட்டால் அவன் இனிமேல் வேறு கடை வாசலை மிதிக்க மாட்டான். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவனைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ட்ரெய்லர் பிரேக் லைட்டின் இரும்புக் கூட்டிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து முன்வண்டியின் இரும்பில் வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் கரண்ட் சரியாகத்தான் வருகிறது. அது திரும்பிப் போகிற வழி, நாங்கள் எர்த் என்பது, அதில்தான் கோளாறு. கீழே படுத்து, எர்த் ஒயரை ட்ரெய்லர் சட்டத்தோடு முடுக்கியிருக்கும் போல்ட்டைத் தேடினேன். அதன் தலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஆட்டிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழற்றினேன். ஒயர் முனை உட்காரும் இடத்தில் புதுக் கறுப்புப் பெயிண்ட் மினுமினுத்தது. பெயிண்ட் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்?

"இதக் கழட்டுனது யாரு?"

"நாந்தானுங்க. பூஜைக்குப் பெயிண்ட் அடிக்கையில ஒரு எடம் உடக்கூடாதுன்னு, கழட்டி அடிச்சு மறுக்கா முடுக்கிப்போட்டனுங்க."

"போல்ட்டுக்கு அடியில யாரு மாப்ள பாக்கப்போறாங்க?"

"சாமி பாக்குமில்லீங்க."

உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து முடுக்கினேன். அவன் மிதித்தான். இரண்டு பக்கமும் ரத்தச் சிவப்பாக எரிந்தது. நான் உடனே நாலு கடை தள்ளித்தான் பார்த்தேன். அவர் ஏதோ லாரிக்கு அடியில் இருந்தார்.

உங்கள் மாமன் இறங்கிவந்து பின்பக்கம் பார்த்தான். அவன் வாயிலிருந்து வரப்போகிற சொல்லுக்காகக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"நல்லா எரியுதுங்க மாமா. போற வழியில அவருகிட்டயும் ஒருக்கா காட்டிப்போட்டுப் போறேனுங்க. தூரத்து ஓட்டம் பாருங்க, மீட்டர் வெச்சுப் பாத்துட்டா ஒரு தைரியமுங்க."

"போய்ட்டு வா மாப்ள" என்றேன்.

வண்டி நகர்ந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாலு கடை தள்ளிப் போனதும் அவன் பிரேக்கை மிதித்தான். நான் சரிசெய்த இரண்டு லைட்டும் அந்தக் கடை வாசலில், தெருவுக்கே தெரிகிற மாதிரி எரிந்தன. அவர் மீட்டரோடு பின்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் பக்கம் திரும்பி, 'நல்லா இருக்குங்கண்ணா' என்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார்.

நான் பார்க்காதவன் போலத் திரும்பிக்கொண்டு, சுற்றி வைத்திருந்த ஒயரையே பிரித்து மறுபடியும் சுற்றினேன்.