பதினான்காம் கட்டடத்துக்கு வெந்நீர் ஏறிய நாள்

சரியாதிர் படைமுகாமில் பீரங்கி யாருடையது என்று கேட்டால் ராணுவத்துடையது என்பார்கள். பீரங்கி நிற்கும் கொட்டகை, கொட்டகையின் கூரை, கூரை ஒழுகுவதைப் பிடிக்க வைத்த வாளி, இவையெல்லாம் படைச் சொத்துத் துறையின் தலையில். சண்டை வருகிறதோ இல்லையோ, ஒழுகல் வருடா வருடம் தவறாமல் வரும். அதனால் உண்மையில் நாட்டைக் காப்பது துறைதான் என்று குல்யாஷ் அடித்துச் சொல்வாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? துறையின் கொதிகலன் நிலையத்துக்குப் பொறுப்பாளி அவள்தானே.

கரகண்டா நகரத்தின் நிலக்கரிச் சுரங்கத் தெரு ஒன்றில் பிறந்தவள். லாரி ஓட்டும் சார்ஜெண்ட் எர்தெனைக் கட்டிக்கொண்டாள். "ஒரே ஒரு குளிர்காலம், அப்புறம் மாற்றல் வாங்கிடுவேன்" என்று சொல்லித்தான் அவன் அவளை இந்தப் புல்வெளிக்குக் கூட்டிவந்தான். அந்தக் குளிர்காலம் இன்னும் முடிந்தபாடில்லை. எர்தென் ஓய்வு பெற்று ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். மகன்கள் அல்மாட்டி நகரத்துக்குப் போய்விட்டார்கள். குல்யாஷ் மட்டும் அதே கொதிகலன் முன்னால். இளையவன் தவழ்ந்த வயதில் நிலக்கரி வாரிப் போடும் வேலைக்குச் சேர்ந்தவள். பொம்பளை மண்வாரி பிடிப்பதை வேடிக்கை பார்க்க ஆண்கள் கூடினார்கள். பார்த்துவிட்டுப் போனவர்கள், மாலையில் தங்கள் வீடு சூடாக இருக்கவே, அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

கரி வாரியதில் முழங்கால் இரண்டும் போயின. மெதுவாக, இரு பக்கமும் அசைந்து அசைந்துதான் நடப்பாள். முகாமில் அவளுக்கு ஆமை என்று பெயர். தெரிந்தும் சிரித்துக்கொள்வாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பெயர் சுருக்கென்று தைக்கும். அந்த மண்ணின் வழக்கப்படி, குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கினால் அதன் கால்களைக் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, விருந்து வைத்து, ஒருவர் கையால் அறுக்கவைப்பார்கள். அறுத்தவரின் நடைதான் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் சுறுசுறுப்பானவளாகப் பார்த்துக் கத்தியைக் கொடுப்பார்கள். குல்யாஷ் போகாத விருந்து கிடையாது. பரிசு கொடுப்பாள், பவுர்சாக் என்னும் மாவுருண்டை பொரித்துக் கொடுப்பாள், கைதட்டுவாள். கத்தி மட்டும் அவள் கைக்கு வந்ததே இல்லை.

அந்த ஆண்டு கோடையிலேயே சேதி பரவிவிட்டது. படையில் பாதியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதால், முகாமை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று துறை முடிவெடுக்கப் போகிறது. கர்னல் சபிர்கான் நேரில் வந்து பார்ப்பார். கொதிகலன் மூட்டியதும் கடைசிக் கட்டடமான பதினான்குவரை வெந்நீர் ஏறினால் முகாம் நிற்கும். ஏறவில்லை என்றால் நிலத்தடிக் குழாய்கள் செத்தவை என்று பொருள். வசந்தத்தில் எல்லாரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கர்னல் வரும்வரை கொதிகலனை மூட்டக்கூடாது என்று வேறு மேலிடத்து உத்தரவு.

கமிட்டி வருகிறது என்றால் படைமுகாம் என்ன செய்யும்? பெயின்ட் அடிக்கும். நடைபாதை ஓரக்கல், கொடிக்கம்பம், குப்பைத்தொட்டி எல்லாம் பளபளத்தன. யாராவது திருடினால் தெரியட்டும் என்று கரிக்குவியலுக்கும் வழக்கம்போல் சுண்ணாம்பு தெளித்தார்கள். அது பனிமலை மாதிரி நின்றது. குல்யாஷுக்கும் வெறி பிடித்துவிட்டது. கிடங்கில் சண்டை போட்டு வெள்ளி நிறப் பெயின்ட் வாங்கிவந்து, பதினான்காம் கட்டடத்து வீடுகளில் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அத்தனைக்கும் அடிக்கச் சொல்லிச் சிப்பாய்களை விரட்டினாள்.

"ஒரு விரல்கடை இடம்கூட விடக்கூடாது, தெரிஞ்சுதா? கர்னல் முகம் அதுல தெரியணும்!"

சிப்பாய்கள் விடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் ராணுவத்தின் பலம். வினையும் அதுதான்.

கர்னல் வந்த காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கனத்த உடம்பு, சளி பிடித்த மூக்கு, எதையும் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம். கொதிகலன் எரிந்தது. முதல் கட்டடம் சூடேறியது, இரண்டாவது ஏறியது. ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் ஜன்னலைத் திறந்து பெண்கள் கூவினார்கள். "வந்தாச்சு! எங்களுக்கு வந்தாச்சு!" குல்யாஷ் விரல் விட்டு எண்ணினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்கில் கர்னல் கீழ்த்தள ரேடியேட்டர்மேல் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அக்கா, பெயின்ட் ரொம்ப அழகா இருக்கு. ஆனா சவம் மாதிரி ஜில்லுன்னு இருக்கே."

"கொஞ்சம் பொறுங்க கர்னல். தூரம் அதிகம் இல்லையா, வரும்."

வரவில்லை. டீ குடித்தார்கள், வரவில்லை. குல்யாஷ் தொலைபேசியில் கொதிகலன்காரன் வித்தாலியைப் பிடித்தாள். "அழுத்தம் என்ன காட்டுது?"

"அழுத்தமெல்லாம் ராஜா மாதிரி இருக்கு! தண்ணி உங்க பக்கம் போகப் பார்க்குது, திரும்பி வரமாட்டேங்குது. உள்ள எதையோ முட்டிக்கிட்டு நிக்குது. குழாய் அடைச்சிருக்குமோ?"

"வாயக் கழுவு!"

கர்னல் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தலைநகரத்துக்குப் பொய் சொல்ல முடியாது. இருட்டுறதுக்குள்ள நான் கிளம்பணும்."

குல்யாஷ் ரேடியேட்டரையே பார்த்தபடி நின்றாள். வெள்ளி நிறம் பளபளவென்று அவள் முகத்தையே காட்டியது. முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் காற்று. காற்றை மேல்மாடியில்தான் திறந்துவிட வேண்டும். நாலாம் மாடி ரேடியேட்டர் ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதற்கென்று ஒரு சின்னத் திருகு உண்டு, குண்டூசித் தலை அளவு ஓட்டையோடு. இந்தப் பெயின்ட் கூத்தில் இந்தக் கட்டடத்தில் மட்டும் அதைத் திறக்க மறந்தே போனாள். அந்த ஓட்டை இப்போது...

"ஐயோ பாவி!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "விரல்கடை இடம் விடாதேன்னேனே!"

அப்புறம் நடந்ததைச் சரியாதிர் இன்னும் பேசுகிறது. ஆமை ஓடியது. மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் இரண்டும் கதற, ஓடியே ஓடியது. பின்னால் கர்னல் மூச்சிரைக்க, "என்னக்கா, எங்க தீப்பிடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

நாலாம் மாடியில் முதல் கதவு திறந்தே கிடந்தது. ஆசிரியை ஜிபெக் வீட்டில் விருந்து. எல்லாரும் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜிபெக்கின் மகன் தாமிர், கால்கள் கயிற்றில் கட்டுண்டு, அழலாமா வேண்டாமா என்ற யோசனையில் நின்றான். தினம் காலையில் அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றி ஓடும் மருந்தகத்து லாஸத், கத்தியோடு குனிந்துகொண்டிருந்தாள். குல்யாஷ் பாய்ந்து அந்தக் கத்தியைப் பிடுங்கினாள்.

"அக்கா! உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று ஜிபெக் அலறினாள்.

"பைத்தியம்தான்! தள்ளு!"

ரேடியேட்டர் முன்னால் மண்டியிட்டுச் சுரண்டினாள். வெள்ளிச் சுருள் உதிர்ந்தது. திருகின் வெட்டு தெரிந்தது. கத்தி முனையைச் செருகித் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். கோபக்காரப் பூனை சீறுகிற மாதிரி சீறியது.

"காத்து!" என்று குல்யாஷ் கத்தினாள். "காத்துதான்! குழாய் சாகல! பாத்திரம் எடுங்கடி, பாத்திரம்!"

யாரோ பவுர்சாக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அதைப் பிடிப்பதற்குள் கறுத்த துருத்தண்ணீர் பீறிட்டு, எட்டிப் பார்த்த கர்னலின் கோட்டை நனைத்தது. கர்னல் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார்.

"வெதுவெதுன்னு இருக்கே!" என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி இரைந்தார். "என்ன வேடிக்கை? மத்த வீட்டுல யார் திறக்கிறது, நானா?"

அவ்வளவுதான். கத்தரிக்கோல், கரண்டிக்காம்பு, கொண்டை ஊசி என்று கையில் கிடைத்ததோடு பெண்கள் மாடி முழுக்கப் பரவினார்கள். ஒவ்வொரு அறையாகச் சீறல் கேட்டது. "இங்க வந்துருச்சு!" "என் பட்டுத்துணி போச்சுடி!" "போனா போகட்டும், முகாம் இருக்கே!" கர்னல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது நிரம்பியதும் தானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். கீழ்த்தளத்திலிருந்து குரல்கள் மாடி மாடியாக ஏறி வந்தன. "சூடு! சூடு!"

கர்னல் ரேடியேட்டர்மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து உதறினார்.

"அடேயப்பா! அக்கா, நான் எழுதப் போறது ஒரே வரி. இந்த முகாம் நிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது சரி, எந்த முட்டாள் இதுமேல பெயின்ட் அடிக்கச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் குல்யாஷ்.

அவர் சிரித்த சிரிப்பில் தாமிர் முடிவெடுத்து அழ ஆரம்பித்தான். அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. பிள்ளை இன்னும் கட்டுண்டே நிற்கிறான். குல்யாஷ் கத்தியைப் பாவாடையில் துடைத்து லாஸத்திடம் நீட்டினாள். முனையில் வெள்ளிப் பெயின்ட் போகவில்லை.

லாஸத் வாங்கவில்லை. "நான் தினம் ஓடுறேன், யாரும் துரத்தாமலே. உருப்படியா ஓடினவங்க நீங்கதான்."

"நீங்களே அறுங்க அக்கா" என்றாள் ஜிபெக்.

"விளையாடாத. என் நடையைப் பார்த்திருக்கியா? பிள்ளைக்கு வந்துடப் போகுது."

"வரட்டும். வேணும்னுதான் கேக்குறேன்."

குல்யாஷ் இப்படி ஆசைப்பட்டதை யாரிடமும் சொன்னதில்லை, எர்தெனிடம்கூட. மண்டியிட்டாள். பிள்ளையின் காலில் படாமல் கயிற்றுக்குள் கத்தியை நுழைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். கறுப்பும் வெள்ளையும் இரண்டாகி விழுந்தன.

தாமிர் அழுகையை நிறுத்தினான். கதகதப்பு வந்த பக்கம் திரும்பினான். ஒரு காலை வைத்தான், மறு காலை வைத்தான். மெதுவாக, இரு பக்கமும் அசைந்து அசைந்து, அவசரமே இல்லாமல் நடந்தான்.

"ஐயோ, பாருங்களேன்!" ஜிபெக் பெருமையில் கத்தினாள். "அப்படியே குல்யாஷ் அக்கா!"

எல்லாருக்கும் முதலில் கைதட்டியவர் கர்னல்தான். குல்யாஷ் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதாள்.