கழுத்துக்கு ஒரு சொடக்கு

போன ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சலூனில் ஷேவிங் முடிந்து கண்ணை மூடினார் என் மச்சான். அக்காவைக் கட்டியவர். டெய்லர். சலூன்காரர் ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் உச்சந்தலையையும் பிடித்தார். அடுத்து என்ன என்று நம்ம ஊர் ஆம்பளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? சடக்கென்று ஒரு திருப்பு. ஷேவிங்கோடு இலவச இணைப்பு.

அவர் திருப்புவதற்குள், "அண்ணே, கையை எடுங்க" என்றேன்.

கடையே திரும்பிப் பார்த்தது.

விஷயம் இதுதான். மச்சான் வருஷக்கணக்கில் குனிந்தே தைப்பவர். கொஞ்ச நாளாக வலது பெருவிரல் மரத்துப்போகிறது, கத்தரிக்கோல் நழுவுகிறது. டாக்டரிடம் போனோம். நேராக, குனிந்து, அண்ணாந்து என்று கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"தேய்மானம் நரைமுடி மாதிரி, வயசானா வரும். பயப்படாதீங்க. ஆனா இங்க பாருங்க..." என்றார் டாக்டர். குனியும்போது ஓர் எலும்பு அடுத்ததன் மேல் முன்னால் நழுவுகிறது. இழுத்துப் பிடிக்க வேண்டிய தசைநார்கள் தளர்ந்துவிட்டன. கைக்குப் போகும் நரம்பு நசுங்குகிறது. விட்டால் கையே பலம் இழக்கலாம். "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் யாரும் கழுத்தைத் திருகக் கூடாது."

இதில் மச்சான் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை — 'பயப்படாதீங்க'.

டாக்டர் சொன்னதைச் சலூனில் சொன்னேன். "தம்பி, சொடக்கு எடுத்தா விலகுன எலும்பு சேந்துரும். சத்தம் கேக்குதுல்ல?" என்றார் சலூன்காரர்.

"அது மூட்டுக்குள்ள காத்துக் குமிழி போடுற சத்தம்ணே."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். "எனக்குந்தான் கழுத்துத் தேய்மானம். தலகாணிய தூக்கி எறிஞ்சேன். சரியாப்போச்சு."

எக்ஸ்ரேயை டாக்டர்தான் பார்க்கணும் என்று சட்டமா என்ன? டீக்கடை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து நாலு பேர் தீர்ப்பு சொன்னால்தானே நமக்குத் திருப்தி...

"இவருக்குக் கை வராமப் போனா நீங்க பொறுப்பாண்ணே?" என்றேன். சலூன்காரரின் கை சட்டென்று துண்டை மடிக்கப் போய்விட்டது.

மச்சானுக்குக் கோபம். "ஒரு சொடக்குக்கு இம்புட்டுப் பேச்சா? நாலு எழுத்து படிச்சுட்டா மனுசனைப் படுக்கவே போட்டுருவீங்க. வா என் கடைக்கு. என் கை எப்படி ஓடுதுன்னு பாரு."

போனோம். ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தார். ஊசியில் நூல் கோத்துப் பட்டன் தைக்க ஆரம்பித்தார். மடமடவென்று. நடுவில் எனக்குக் கிண்டல் வேறு.

"பாத்தியா மாப்ள? இதுவா போற கை?"

நான் சட்டையைப் பார்த்தேன். பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. பரவிக்கொண்டிருந்தது.

"மச்சான்... ஊசி பெருவிரல்ல குத்தியிருக்கு."

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப குத்துச்சு?"

இதை என்னிடம் கேட்கிறார்.

அதற்கப்புறம் கிண்டல் இல்லை. ஷட்டரை இறக்கச் சொன்னார். ஸ்கேன் சென்டர் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று அவராகவே கேட்டார். பைக்கில் பின்னால் ஏறி, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பள்ளம் பாத்து ஓட்டு மாப்ள. பின்னால கழுத்து வருது."